பெரிய முடிவிலியில் பெரிய ஒழுங்கு கிடைக்குமா?

கேள்வி இதுதான்: "ஆறு பேர் கூடினால், ஒருவரையொருவர் அறிந்த மூவராவது ஒருவரையொருவர் அறியாத மூவராவது அதில் கட்டாயம் இருப்பார்கள். கூட்டம் முடிவில்லாதது என்றால், அப்படிப்பட்ட குழுவும் முடிவில்லாததாகவே கிடைக்கும் என்கிறது ராம்சே தேற்றம். அப்படியானால் மெய்யெண்கள் போல எண்ணவே முடியாத கூட்டத்தில், எண்ணவே முடியாத குழுவும் கிடைக்க வேண்டும் அல்லவா?"

கிடைக்காது. ஊகம் நியாயமானதுதான், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1933-லேயே போலந்துக் கணித அறிஞர் வாட்ஸ்வாஃப் சியர்பின்ஸ்கி அதை உடைத்துவிட்டார். அவருடைய எதிர்க்காட்டு அரைப் பக்கத்தில் அடங்கும். அதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்து போயிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன். அதைச் சொல்வதற்கு முன், மூலத் தேற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையாலேயே செய்து பார்த்துவிடுவோம். எங்கே உடைகிறது என்பது அப்போதுதான் புரியும்.

ஃபிராங்க் ராம்சே கேம்பிரிட்ஜ்காரர். 1930 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு 26 வயது. இந்தத் தேற்றம் அவருக்கு முக்கிய நோக்கமே இல்லை. தர்க்கவியலில் ஒரு வகை வாக்கியங்கள் உண்மையா என்பதை முறைப்படி தீர்மானிக்க வழி தேடினார், அதற்குப் படிக்கட்டாக இதை நிறுவினார். படிக்கட்டுதான் இன்று நிலைத்து நிற்கிறது.

இயல் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு எண்களுக்கு இடையே ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு அல்லது நீலம் பூசியிருக்கிறார்கள், எந்த விதியும் இல்லாமல், இஷ்டத்துக்கு. நமக்கு வேண்டியது, உள்ளுக்குள் எல்லாக் கோடுகளும் ஒரே நிறத்தில் இருக்கிற முடிவில்லாத ஒரு குழு. வழி இதுதான். முதல் எண்ணை எடுங்கள். அதிலிருந்து முடிவில்லாத கோடுகள் போகின்றன, நிறங்களோ இரண்டே. ஆகவே ஏதோ ஒரு நிறத்தில் முடிவில்லாத கோடுகள் இருந்தே ஆக வேண்டும். அந்த நிறத்தை முதல் எண்ணின் சட்டையில் பேட்ஜாகக் குத்திவிட்டு, அந்த நிறக் கோட்டில் இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுங்கள். மீதி இருப்பவர்களில் சிறிய எண்ணை எடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். இப்படியே போனால் பேட்ஜ் அணிந்த முடிவில்லாத ஒரு வரிசை கிடைக்கும். அதில் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரோடும் தன் பேட்ஜின் நிறத்திலேயே இணைந்திருப்பார். பேட்ஜ் நிறங்கள் இரண்டே என்பதால், ஒரு நிறத்தை முடிவில்லாமல் பலர் அணிந்திருக்க வேண்டும். அவர்களை மட்டும் எடுத்தால் வேலை முடிந்தது.

ஓர் உதாரணத்தில் ஓட்டிப் பார்ப்போம். 1-இலிருந்து தொடங்கி, இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லையென்றால் சிவப்பு, இருந்தால் நீலம். 1-லிருந்து போகிற எல்லாமே சிவப்பு, யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. அடுத்தது 2. அதற்கு ஒற்றை எண்களோடு சிவப்பு, இரட்டை எண்களோடு நீலம். இரண்டுமே முடிவில்லாதவை, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். சிவப்பையே எடுப்போம்: இரட்டை எண்கள் போய்விடும். அடுத்தது 3. மறுபடி சிவப்பு: மூன்றின் மடங்குகள் போய்விடும். அடுத்தது 5, அப்புறம் 7, அப்புறம் 11. பள்ளியில் படித்த எரடோஸ்தெனிஸ் சல்லடைதான் இது! கடைசியில் கையில் 1-ம் எல்லாப் பகா எண்களும் நிற்கின்றன. 2-இல் நீலத்தை எடுத்திருந்தால்? இரட்டை எண்கள் மட்டுமே மிஞ்சும், அவற்றுக்குள் எல்லாமே நீலம். ஒரே கூட்டத்தில் இரண்டு விதமான ஒழுங்கும் ஒளிந்திருந்தது.

இப்போது இதையே மெய்யெண்களில் செய்து பார்ப்போம். ஓர் எண்ணை எடுக்கிறோம். அதிலிருந்து எண்ணவியலாத (1, 2, 3 என்று பட்டியல் போட்டு அடக்கவே முடியாத) கோடுகள் போகின்றன, இரண்டு நிறங்கள், ஆகவே ஒரு நிறத்தில் எண்ணவியலாத கோடுகள் இருக்கும். பேட்ஜ் குத்தியாயிற்று, மீதியை அனுப்பியாயிற்று. இரண்டாவது படியும் சரி, நூறாவது படியும் சரி. எந்தப் படியை எடுத்தாலும் கையில் எண்ணவியலாத கூட்டம் இருக்கிறது. ஆனால் 1, 2, 3 என்று எல்லாப் படிகளும் முடிந்த பிறகும் நாம் பேட்ஜ் குத்தியிருப்பது எண்ணத்தக்க பேருக்குத்தான். எண்ணவியலாத குழு வேண்டுமென்றால் அதற்கப்பாலும் தொடர வேண்டும். அப்போது கையில் யார் மிச்சம்? எல்லாப் படிகளிலும் தப்பியவர்கள் மட்டும். அப்படி ஒருவருமே இல்லாமல் போகலாம். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்கள், 0-க்கும் அரைக்கும் இடைப்பட்டவை, 0-க்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்டவை என்று சுருக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றும் எண்ணவியலாதது. எல்லாவற்றிலும் இருக்கும் எண் ஒன்றுகூடக் கிடையாது.

நிறுவல் உடைந்தால் தேற்றமும் உடைந்தது என்று பொருளல்ல, வேறு நிறுவல் இருக்கலாமே. அந்த நம்பிக்கையைத்தான் சியர்பின்ஸ்கி போக்கினார்.

அவர் செய்தது இது. மெய்யெண்களுக்கு வழக்கமான சிறிது, பெரிது வரிசை ஒன்று இருக்கிறது. அதோடு சேர்த்து ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ஒரு டோக்கன் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனுக்கு ஒரே நிபந்தனைதான்: எந்தக் குழுவைக் கூப்பிட்டாலும் அதில் "முதல் டோக்கன் என்னுடையது" என்று ஒருவர் முன்வர வேண்டும். வழக்கமான வரிசையில் இது நடக்காது, 0-ஐ விடப் பெரிய எண்களில் மிகச் சிறியது என்று ஒன்று இல்லை. ஆனால் தெரிவு எடுகோளை (எத்தனை குழுக்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை) ஒப்புக்கொண்டால் எந்தக் கணத்துக்கும் இப்படி டோக்கன் கொடுக்கலாம் என்று 1904-இல் செர்மெலோ நிறுவிவிட்டார். அந்த டோக்கன் பட்டியலை யாராலும் எழுதிக் காட்ட முடியாது. இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

இரண்டு மெய்யெண்களை எடுங்கள். சிறிய எண்ணுக்கே முந்தைய டோக்கனும் இருந்தால், அதாவது இரண்டு வரிசைகளும் ஒத்துப்போனால், சிவப்பு. முரண்பட்டால் நீலம். இவ்வளவுதான் எதிர்க்காட்டு.

சிவப்பில் எண்ணவியலாத ஒரு குழு இருக்கிறது என்று வைப்போம். அந்தக் குழுவுக்குள் எண் வரிசையும் டோக்கன் வரிசையும் ஒன்றே. ஆகவே ஒவ்வொருவருக்கும் (கடைசி என்று ஒருவர் இருந்தால் அவரைத் தவிர) "எனக்கு அடுத்தது இவர்" என்று கைகாட்ட ஒருவர் இருப்பார்: பின்னால் நிற்பவர்களில் முதல் டோக்கன்காரர். இவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. இரண்டு மெய்யெண்களுக்கு நடுவே எப்போதும் ஒரு விகிதமுறு எண் உண்டல்லவா, அதை அந்த இடைவெளியில் நட்டுவையுங்கள். இடைவெளிகள் ஒன்றையொன்று தொடாதவை, எனவே நட்ட எண்கள் எல்லாம் வெவ்வேறு. ஆக எண்ணவியலாத அளவுக்கு விகிதமுறு எண்களை நட்டுவிட்டோம். ஆனால் விகிதமுறு எண்கள் எண்ணத்தக்கவை. முரண்பாடு. நீலக் குழுவுக்கு எண் வரிசையைத் தலைகீழாக்கினால் இதே பேச்சுதான்.

எனவே மெய்யெண்கள் எவ்வளவு பெரிய முடிவிலியாக இருந்தாலும், அதற்குள் எண்ணவியலாத ஒருநிறக் குழு எதையும் உத்தரவாதமாகக் கேட்க முடியாது. எண்ணத்தக்க முடிவில்லாத குழு கிடைக்கும், ராம்சே அதைத் தருகிறார். அதற்கு மேல் இல்லை.

சரி, எவ்வளவு பெரிய கூட்டம் இருந்தால் எண்ணவியலாத குழு கிடைக்கும்? இதைக் கணக்குப் போட்டவர்கள் பால் ஏர்டிஷும் ரிச்சர்ட் ராடோவும். ராடோ பெர்லினில் பிறந்து, 1933-இல் நாஜி ஆட்சி வந்ததும் இங்கிலாந்துக்குப் போனவர். 1934 அக்டோபரில் ஹங்கேரியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்து இறங்கிய ஏர்டிஷை ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போன இருவரில் ராடோவும் ஒருவர். இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை 1956-இல் வந்தது. "இவ்வளவு பெரிய கூட்டம், இத்தனை நிறம், இவ்வளவு பெரிய குழு" என்பதை ஓர் அம்புக்குறியால் எழுதும் வழக்கத்தைப் பரப்பியதும் அதுதான். இன்று இந்தத் துறையில் யாரோடு பேசினாலும் அம்புகள் பறக்கும்.

அவர்கள் விடை: மெய்யெண்களின் அளவுக்கு அடுத்த ஒரே ஒரு படி மேலே போனால் போதும். அதுவும் இரண்டு நிறம் மட்டுமல்ல, எண்ணத்தக்க முடிவில்லாத நிறங்களைக் கொடுத்தாலும் எண்ணவியலாத ஒருநிறக் குழு கட்டாயம் கிடைக்கும். இந்த ஒரு படி எவ்வளவு பெரிய தாவல் என்பதைப் பார்க்க, கீழ்ப்படியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். 0, 1 மட்டும் கொண்ட முடிவில்லாத தொடர்கள் எல்லாவற்றையும் எடுங்கள். அவற்றின் எண்ணிக்கையும் மெய்யெண்களின் எண்ணிக்கையும் ஒன்றே. இரண்டு தொடர்கள் முதன்முதலில் எந்த இடத்தில் வேறுபடுகின்றனவோ, அந்த இட எண்ணே அவற்றுக்கு இடையிலான கோட்டின் நிறம். இதில் ஒரே நிறத்தில் மூன்று பேர்கூடக் கிடைக்க மாட்டார்கள். மூன்று தொடர்கள் ஒன்றுக்கொன்று ஏழாவது இடத்தில்தான் முதலில் வேறுபடுகின்றன என்றால், ஏழாவது இடத்தில் மூன்று வெவ்வேறு இலக்கங்கள் வேண்டும். இருப்பதோ 0, 1 இரண்டே. மெய்யெண்களின் அளவில் மூன்று பேருக்குக்கூட வழியில்லை, ஒரு படி ஏறினால் எண்ணவியலாத குழுவே கிடைக்கிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஏன் அந்த ஒரு படி போதும் என்பதற்கும் பேட்ஜ் கதையே விடை சொல்லும், கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு மரத்தின் அடியிலிருந்து மேலே போகும் வழிகளில் நாற்காலிகள் இருக்கின்றன. கூட்டத்தினர் டோக்கன் வரிசைப்படி ஒவ்வொருவராக வருகிறார்கள். முதலாமவர் அடி நாற்காலியில் உட்காருகிறார். பின்னால் வருபவர் அவரைச் சந்தித்து, இருவருக்கும் இடையிலான கோட்டின் நிறம் எதுவோ அந்த நிறக் கிளையில் ஏறுகிறார். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் மறுபடி அதே கேள்வி, காலி நாற்காலி வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம். ஒருவர் எங்கே உட்காருவார் என்பது வழியில் அவருக்குக் கிடைத்த நிறங்களின் பட்டியலால் மட்டுமே தீர்மானமாகிறது. எண்ணத்தக்க நீளமுள்ள பட்டியல்கள் மொத்தம் எத்தனை? மெய்யெண்களின் அளவுதான், அதற்கு மேல் இல்லை. கூட்டமோ அதைவிடப் பெரியது. எனவே யாரோ ஒருவர் எந்த எண்ணத்தக்க நீளத்துக்குள்ளும் இடம் கிடைக்காமல் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். அவர் வழியில் சந்தித்தவர்கள் எண்ணவியலாதோர். அவர்களில் ஒவ்வொருவரும், அதே பாதையில் தனக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எல்லோரோடும் ஒரே நிறத்தில் இணைந்தவர். பேட்ஜ் குத்தியாயிற்று. நிறங்கள் எண்ணத்தக்கவை, பேட்ஜ் அணிந்தவர்கள் எண்ணவியலாதோர், ஆகவே ஒரு நிறத்தை எண்ணவியலாத பேர் அணிந்திருப்பார்கள்.

இன்னும் பேராசைப்பட்டு, கூட்டம் எவ்வளவு பெரியதோ அதே அளவு குழு வேண்டும் என்று கேட்டால்? இயல் எண்களுக்கு ராம்சே தந்தது அதுதானே. பாதி அளவு சமாதானம் ஒன்று உண்டு: டுஷ்னிக்கும் மில்லரும் 1941-இல் நிறுவியபடி, எந்த முடிவில்லாத கூட்டத்திலும் சிவப்பில் முழு அளவுக் குழு கிடைக்கும், இல்லையென்றால் நீலத்தில் எண்ணத்தக்க முடிவில்லாத குழுவாவது கிடைக்கும். முழுதாக வேண்டுமென்றால் கதை வேறு. அந்தப் பண்புள்ள எண்ணவியலாத அளவுகளுக்கு வீக்லி காம்பாக்ட் (weakly compact) ஆதி எண்கள் என்று பெயர்; ஆதி எண் என்றால் ஒரு கூட்டத்தின் அளவைச் சொல்லும் எண். அவை கீழிருந்து வழக்கமான செயல்களால் எட்டவே முடியாத அளவுக்குப் பெரியவை. வழக்கமான செர்மெலோ, ஃபிராங்கெல் எடுகோள்களை வைத்து அப்படி ஒன்று இருக்கிறது என்று நிறுவவே முடியாது (அந்த எடுகோள்கள் முரணற்றவை என்ற நம்பிக்கையில்தான் இதைச் சொல்கிறேன்). 0, 1, 2, 3 என்று குழந்தை எண்ணும் முடிவிலிக்குச் சும்மா கிடைத்த ஒரு பண்பு, அதற்கு மேலே எங்கே இருக்கிறது என்று கேட்டால் கணிதத்தின் அடித்தளமே கைவிரிக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் நிலைமை எவ்வளவு மோசமாகும் என்பதை 1987-இல் ஸ்டீவோ டொடோர்செவிச் காட்டினார். மிகச் சிறிய எண்ணவியலாத அளவான அலெஃப்-1 பேருள்ள கூட்டம், அலெஃப்-1 நிறங்கள். எந்த எண்ணவியலாத குழுவை எடுத்தாலும் அதற்குள் அத்தனை நிறங்களும் தலைகாட்டும்படி வர்ணம் பூச முடியும். ஒரு நிறம் மட்டுமுள்ள குழுவைக் கேட்டுப் போனவருக்கு, ஒரே ஒரு நிறம் விடுபட்ட குழுகூடக் கிடைக்காது. கூடுதல் எடுகோள் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியின் உயிர் அங்கேயும் இருக்கிறது. கூட்டத்தைப் பெரிதாக்காமல், எண்ணத்தக்க முடிவிலியிலேயே நின்றுகொண்டு, குழுவின் அளவோடு அதன் உருவத்தையும் கேட்டால் என்ன ஆகும்?

ராடோ கோட்டுருவை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டுரு என்றால் சில முனைகள், அவற்றில் சில ஜோடிகளை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான். முனைகள் 0, 1, 2, 3... சிறிய எண் பெரிய எண்ணோடு இணைய வேண்டுமா என்பதற்கு, பெரிய எண்ணை இரும முறையில் எழுதி, வலமிருந்து 0, 1, 2 என்று இடங்களை எண்ணி, சிறிய எண் குறிக்கும் இடத்தில் 1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 13 என்பது இருமத்தில் 1101. வலமிருந்து 0, 2, 3 ஆகிய இடங்களில் 1 இருக்கிறது. ஆகவே 13 தன்னைவிடச் சிறியவற்றில் 0, 2, 3 ஆகியவற்றோடு மட்டும் இணையும். இந்தக் கோட்டுருவில் என்ன கேட்டாலும் கிடைக்கும்: 0-வோடும் 3-வோடும் இணைந்து, 1-வோடும் 2-வோடும் இணையாத முனை வேண்டுமா? இருமத்தில் 1001, அதாவது 9. முடிவில்லாத முனைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் கோடு, பூ விழுந்தால் இல்லை என்று வரைந்தாலும் நிகழ்தகவு 1-ஓடு இதே கோட்டுருதான் வரும் என்று 1963-இல் ஏர்டிஷும் ரெனியும் காட்டினார்கள். நீங்கள் சுண்டியதும் நான் சுண்டியதும் ஒன்றே, பெயர்கள்தான் மாறியிருக்கும்.

இதன் முனைகளுக்கு இரண்டு நிறம் பூசினால், ஏதோ ஒரு நிறத்துக்குள் முழுக் கோட்டுருவின் நகல் கிடைத்துவிடும். கோடுகளுக்குப் பூசினால் கிடைக்காது. முடிவுள்ள எத்தனை நிறம் பூசினாலும் இரண்டே நிறமுள்ள நகலுக்குக் குறைக்கலாம், ஒன்றாகக் குறைக்க முடியாதபடி பூசவும் முடியும். 1996-இல் பூசேயும் சாவரும் இதை முடித்துவைத்தார்கள்.

விகிதமுறு எண்களிலும் இதே கதை. அவற்றை ஒரு பட்டியலாக எழுதுங்கள். பட்டியல் வரிசையும் எண் வரிசையும் ஒத்துப்போகும் ஜோடிக்குச் சிவப்பு, முரண்பட்டால் நீலம். பழைய சியர்பின்ஸ்கியேதான், டோக்கனை எழுதிக் காட்ட முடிகிறது என்பதுதான் வித்தியாசம். விகிதமுறு எண்களைப் போலவே அடர்த்தியாக அடுக்கிய எந்த உட்கணத்திலும் இரண்டு நிறங்களும் இருக்கும். ஜோடிகளுக்குத் தப்பிக்கவே முடியாத நிறங்கள் 2. மூன்று மூன்று எண்களாக எடுத்து நிறம் பூசினால்? 1979-இல் டெவ்லின் தன் ஆய்வேட்டில் விடை சொன்னார்: 16. நான்கு நான்காக எடுத்தால் 272.

ஒவ்வோர் எண்ணாகத் தனித்தனியே பூசினால் 1 என்பதையும் சேர்த்தால் 1, 2, 16, 272. இந்த எண்களைக் கல்லூரி முதலாண்டில் பார்த்திருப்பீர்கள், மாறுவேடத்தில். டேன் சார்பின் விரிவு: முதல் உறுப்பு எக்ஸ், அடுத்து மூன்றாம் அடுக்குக்கு 1/3, ஐந்தாம் அடுக்குக்கு 2/15, ஏழாம் அடுக்குக்கு 17/315. ஒவ்வொன்றையும் அந்தந்த அடுக்கின் காரணியப் பெருக்கத்தால் பெருக்குங்கள். 3 காரணியம் 6, ஆறில் மூன்றில் ஒன்று 2. 5 காரணியம் 120, விடை 16. 7 காரணியம் 5040, விடை 272.

தற்செயல் அல்ல. விகிதமுறு எண்களை 0, 1 கிளைகளாகப் பிரியும் மரத்தில் வைத்தால், மூன்று எண்கள் மூன்று இலைகள், பக்கத்துப் பக்கத்து இலைகளுக்கு நடுவே ஒரு பிரிவுப் புள்ளி. இடமிருந்து வலமாக இலை, பிரிவு, இலை, பிரிவு, இலை என்று ஐந்து புள்ளிகள். இலைகள் மேடு, பிரிவுகள் பள்ளம். ஐந்து உயரங்களும் வெவ்வேறு என்றால், மேடும் பள்ளமுமாக 1 முதல் 5 வரையிலான எண்களை எத்தனை விதமாக அடுக்கலாம்? 16. ஒவ்வோர் அடுக்கும் ஒரு நிறம், அதில் எதையும் ஒழித்துக்கட்ட முடியாது. இப்படி மேடும் பள்ளமுமாக அடுக்குவதை எண்ணினால் டேன் விரிவின் கெழுக்கள் வரும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம்.

ஐந்து ஐந்தாக எடுத்தால் எத்தனை என்பதை நீங்களே சரிபார்க்கலாம்: விரிவின் அடுத்த கெழு 62/2835, 9 காரணியம் 362880. விடை 7936 வர வேண்டும்.